மல்லாந்து படுத்த நாய்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு நாய்கள் இருந்தன. மூத்தது சின்னி. தெருவில் பிறந்து, மழைக்கு ஒதுங்கிய எங்கள் திண்ணையையே தன் வீடாக்கிக்கொண்ட பெண் நாய். இளையது பாண்டி. சின்னிக்கு ஏழு வயதானபோது வந்துசேர்ந்த ஆண்குட்டி. ஓராண்டுக்குள் பாண்டி சின்னியைவிட ஒன்றரை மடங்கு வளர்ந்துவிட்டது. மாலையில் இரண்டும் முற்றத்தில் விளையாடும். பாண்டி பாய்ந்து வரும். சின்னி மல்லாந்து படுத்துவிடும். பாண்டி அதன் கழுத்தைக் கவ்வும். இரு தொண்டைகளிலிருந்தும் உறுமல் எழும். பிறகு இரண்டும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மீண்டும் ஓடும்.

நாய்களைப் பழக்குவதில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “சின்னது தலைமையப் புடிச்சிருச்சு சார். நாளைக்கு உங்களையும் மதிக்காது.” இரண்டு அறிவுரைகளும் தந்தார். தலைமை நாயான பாண்டிக்கு முதலில் சோறு வைக்கவேண்டும் என்பது ஒன்று. பாண்டியை மல்லாத்தி, கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தி, அது அடங்கும்வரை விடக்கூடாது என்பது மற்றொன்று. அதற்கும் மேலே ஒரு தலைவன் இருப்பதை அது அறியவேண்டுமாம். முதலாவதை என் தாயார் ஏற்கவில்லை. மூத்தது இருக்க இளையதற்கு முதலில் வைப்பதாவது என்று தட்டை எப்போதும்போல் சின்னியின் முன்தான் முதலில் வைத்தார். இரண்டாவதை நான் செய்தேன். பாண்டி சிறிது நேரம் திமிறியது, பிறகு அடங்கியது. கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. அதன் வயிற்றுக்குக் கீழே தரை ஈரமாகியிருந்தது.

அந்த அறிவுரை அந்த மனிதர் தாமாகக் கண்டுபிடித்ததல்ல. அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நார்வேயின் ஒரு கோழி முற்றத்தில் தொடங்கி, ஒரு விலங்குக் காட்சிசாலை, ஒரு மடாலயம் என்று பயணப்பட்டு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்த கருத்து அது. அந்த வழியைப் பின்னோக்கித் தேடிச் சென்றபோது நான் அறிந்துகொண்டதை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

*

1894இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், பிறந்தவர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் ஒதுங்குகிறது என்று பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த குறிப்புகளிலிருந்து அவர் கண்டது இதுதான்: எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் ஒன்று கொத்துவது, மற்றது கொத்துப்படுவது. இந்த இணைகளை அடுக்கினால் ஒரு வரிசை கிடைக்கிறது. 1922இல் ஜெர்மன் மொழியில் வெளியான அவரது கட்டுரையின் வழியாகக் ‘கொத்துவரிசை’ என்ற சொல் உலகுக்கு வந்தது. அலுவலகங்களையும் அரசியல் கட்சிகளையும் பற்றிப் பேசும்போதும் இன்று அச்சொல் பயன்படுகிறது.

அவருடைய குறிப்புகளில் அந்த வரிசைக்குப் பொருந்தாத ஒன்றும் இருந்தது. சில வேளைகளில் முதற்கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவதோ முதற்கோழியைக் கொத்தும். ஏணிக்குப் பதிலாக ஒரு முக்கோணம். அதையும் அவர் மறைக்காமல் பதிவுசெய்தார். ஆனால் கோழிகளிடம் கண்ட கொடுங்கோன்மையை உயிருலகு முழுவதற்கும் பொதுவிதியாக அவரே பின்னாளில் விரித்தார். உலகம் ஏணியை எடுத்துக்கொண்டது, முக்கோணத்தை விட்டுவிட்டது.

ஏணியை ஓநாய்களிடம் கொண்டுசென்றவர் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் ஷென்கெல். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் பாசெல் விலங்குக் காட்சிசாலையின் ஓநாய்களைக் கவனித்து, 1947இல் தம் ஆய்வை வெளியிட்டார். காதின் நிலை, வாலின் உயரம், உதட்டின் சுருக்கம் என்று ஓநாயின் முகபாவங்களை அத்தனை நுணுக்கமாக வரைந்தும் விவரித்தும் காட்டியவர்கள் அதற்குமுன் இல்லை. கூட்டத்தின் உச்சியிலிருந்த ஆணையும் பெண்ணையும் அவர் கிரேக்க முதலெழுத்தால் ‘ஆல்ஃபா’ என்று குறித்தார். ஓயாது மற்றவற்றை அடக்கியே அவை தம் இடத்தைக் காத்துக்கொள்கின்றன என்று எழுதினார்.

அவர் கண்டது பொய்யல்ல. ஆனால் எங்கே கண்டார் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள ஓர் அடைப்பில் பத்து ஓநாய்கள் வரை இருந்தன. காட்டில் ஓர் ஓநாய்க் குடும்பத்தின் எல்லை நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் வரை விரியக்கூடியது. வளர்ந்த பிள்ளை பெற்றோரோடு ஒத்துப்போகவில்லையென்றால் அங்கே புறப்பட்டுப் போய்விடும். பாசெலில் புறப்பட்டுப் போக இடமில்லை.

*

இந்தக் கருத்து நாயின் கழுத்துக்கு எப்படி வந்தது? நாயை வலிமையால் பணியவைக்கவேண்டும் என்ற எண்ணம் ஷென்கெலுக்கும் முந்தியது. ஜெர்மனியில் காவல்துறை நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூலில் அது தெளிவாகவே உண்டு. மனிதனுக்கும் நாய்க்கும் இடையில் வென்றவன், தோற்றவன் என்ற இரண்டே இடங்கள் என்பது அவரது துணிபு. படைமுகாமிலிருந்து வந்த அந்த எண்ணத்துக்கு ஓநாய் ஆய்வு ஓர் அறிவியல் உடை தந்தது.

அந்த உடையை அழகுபடுத்தியவர் கொன்ராட் லோரென்ஸ். 1973இல் நோபல் பரிசு பெற்ற அந்த ஆஸ்திரிய அறிஞர், கதைசொல்லியின் நாவு கொண்டவர். 1949, 1950ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது இரு நூல்கள் விலங்கு நடத்தை என்ற துறையையே பொதுவாசகரின் படுக்கையறை அலமாரிக்குக் கொண்டுவந்தன. சில நாயினங்களின் முன்னோர் நரியையொத்த பொன்னிறக் குள்ளநரி என்றும், வேறு சிலவற்றில் ஓநாய் இரத்தம் மிகுதி என்றும் அப்போது அவர் நம்பினார். குள்ளநரி வழிவந்தவை எஜமானனைப் பெற்றோராகவும், ஓநாய் வழிவந்தவை கூட்டத்தலைவனாகவும் காண்கின்றன என்று எழுதினார். குள்ளநரிக் கொள்கையை அவரே பிற்பாடு கைவிட்டார். கூடவே பெற்றோர் என்ற உருவகமும் மறைந்துபோனது. கூட்டத்தலைவன் மட்டும் எஞ்சினான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் என்ற கிறித்தவ மடாலயம் உண்டு. அதன் துறவிகள் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்ப்பவர்கள். 1978இல் அவர்கள் வெளியிட்ட நாய்வளர்ப்பு நூல் பெரும்புகழ் பெற்றது. பெரும்பகுதியும் அன்பும் பொறுமையும் நிறைந்த நூல். ஆனால் கடுமையான குற்றங்களுக்குத் தண்டனையாக, ஆல்ஃபா ஓநாய் செய்வதுபோல் நாயை மல்லாத்தி அழுத்தும் முறையை அது பரிந்துரைத்தது. 2002இல் வந்த திருத்திய பதிப்பில் துறவிகள் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2004 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அதே தலைவன் கதையை உலகமெங்கும் கொண்டுசென்றது. பதிப்புகள் திருந்தலாம். செவிவழிச் செய்திக்கு மறுபதிப்பு இல்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் 2009இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கல்களுக்காக நாய்களை அழைத்துவந்த 140 பேரிடம் கேட்டது. நாயை மல்லாத்தி அழுத்தும் முறையைச் செய்துபார்த்தவர்களில் 31 சதவீதத்தினர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது என்றார்கள். பாண்டி கடிக்கவில்லை. அதை அன்று நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

*

நாய்களை ஓநாய்களின் நிழலாக அல்லாமல் நாய்களாகவே ஆராய்ந்த பெருமுயற்சி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பரில் நடந்தது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஐந்து இனங்களை எடுத்துக்கொண்டார்கள். பசென்ஜி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர். அவர்களது நூல் 1965இல் வெளிவந்தது. படிநிலையை அளக்க அவர்கள் கையாண்ட வழி எளியது. இரண்டு குட்டிகளுக்கு நடுவில் ஓர் எலும்பைப் போட்டுப் பத்து நிமிடம் பார்ப்பது. எலும்பு யாரிடம் இருக்கிறதோ அது மேல்.

விடை இனத்துக்கு இனம் மாறியது. டெரியர்களிடமும் பசென்ஜிகளிடமும் மேல் கீழ் என்பது கூர்மையாக இருந்தது. டெரியர் குட்டிகள் கூட்டுச்சேர்ந்து ஒன்றைத் தாக்குவதால் அவற்றைப் பெருங்கூட்டமாக ஒரே இடத்தில் வைக்கவே முடியவில்லை. பீகிள்களிடமும் காக்கர்களிடமும் அந்தக் கூர்மை மழுங்கியிருந்தது. எல்லா நாய்க்கும் ஒரே ஏணி என்ற எண்ணம் அங்கேயே ஆட்டங்கண்டிருக்கவேண்டும். வேறொன்றும் எனக்குத் தோன்றியது. எலும்பைப் போட்டால்தானே எலும்புக்கான வரிசை தெரியும்? எலும்பில்லாத நேரத்தில், ஒரு நாளின் மீதி இருபத்துமூன்று மணி ஐம்பது நிமிடத்தில், அந்த வரிசை எங்கே இருக்கிறது?

ஓநாய்ப் பக்கத்திலும் அடித்தளம் சரிந்தது. 1970இல் ஓநாயைப் பற்றி டேவிட் மெக் எழுதிய நூல்தான் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லை ஆங்கில வாசகர்களிடையே பரப்பியது. 1986 முதல் அவர் கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், மனிதரை அஞ்சாத ஓநாய்களோடு 13 கோடைகளைக் கழித்தார். அங்கே அவர் கண்டது ஒரு குடும்பம். தாய், தந்தை, அவற்றின் ஓரிரு ஈற்றுப் பிள்ளைகள். தலைமைக்கான போட்டி ஒன்றைக்கூட அந்தக் கோடைகளில் தாம் காணவில்லை என்று 1999இல் எழுதினார். பெற்றோரை ஆல்ஃபா என்று அழைப்பதில் பொருளில்லை, அவை பெற்றோர், அவ்வளவுதான் என்றார். தம் பழைய நூலை இனி அச்சிடவேண்டாம் என்று பதிப்பகத்தைப் பல ஆண்டுகள் வேண்டிக்கொண்டிருந்தார். 2022இல்தான் அது நின்றது. தன் புகழுக்குக் காரணமான நூலைத் தானே நிறுத்தச் சொல்லும் ஆய்வாளரை நினைக்கும்போது மரியாதை உண்டாகிறது.

*

இனி விளையாட்டுக்கு வரலாம். படிநிலையைத் தேடியவர்கள் நெடுங்காலம் சண்டையையும் எலும்பையும்தான் பார்த்தார்கள். ஒரே வீட்டில் வாழும் இரண்டு நாய்கள் அதிகம் செய்வது சண்டையல்ல.

முன்னங்கால்களை நீட்டித் தரையில் படியவைத்து, பின்புறத்தை உயர்த்தி, நாய் செய்யும் அந்தக் குனிவை எல்லோரும் பார்த்திருப்போம். மார்க் பெகாஃப் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வெறும் அழைப்பாக இருந்தால் அது ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே வரவேண்டும். ஆனால் நடுவிலும் வருகிறது. கவ்வித் தலையை உதறுவதுபோன்ற, தவறாகப் பொருள்கொள்ளப்படக்கூடிய செயலுக்குச் சற்று முன்னோ பின்னோ வருகிறது. 1995இல் அவர் இதை நிறுத்தக்குறிக்கு ஒப்பிட்டார். ‘இப்போது செய்ததை விளையாட்டு என்றே படி’ என்று ஒரு நாய் மற்றதற்கு இடும் குறி. கடி என்ற சொல்லை அது மேற்கோள் குறிக்குள் வைத்துவிடுகிறது.

விளையாட்டு என்றால் இரு தரப்பும் சரிபாதி வெல்லவேண்டும், இல்லையேல் ஆட்டம் முறியும் என்றொரு கருத்து இருந்தது. எரிகா பாயரும் பார்பரா ஸ்மட்ஸும் நாய்களின் ஆட்டங்களைக் காணொளியில் பதிவுசெய்து, நொடிநொடியாகப் பிரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. பல இணைகளில் ஒன்றே மிகுதியாக மேலே இருந்தது, ஆட்டம் முறியவில்லை. துரத்துவதிலும் தள்ளி வீழ்த்துவதிலும் அவை இடம் மாற்றிக்கொண்டன. ஆனால் மேலேறுவது, மற்றதன் மூஞ்சியைக் கவ்வுவது, மூஞ்சியை நக்குவது ஆகிய மூன்றும் இடம் மாறவேயில்லை. ஆட்டத்துக்குள்ளும் உறவின் ஓர் இழை அறுபடாமல் ஓடுகிறது. ஆனால் அது, நான் பார்த்துப் பதறிய ‘யார் மேலே யார் கீழே’ என்பதில் இல்லை. பதற்றப்படுபவர் கண்ணில் படாத ஒரு நக்கலில் இருக்கிறது.

குட்டிகளிடம் இன்னும் வியப்பான ஒன்று. கமில் வார்டும் மேற்சொன்ன இருவரும் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். ஆண்குட்டிகள் பெண்குட்டிகளோடு விளையாடும்போது வேண்டுமென்றே தம்மைத் தளர்த்திக்கொண்டு தோற்கும் நிலைக்கு ஆளாகின்றன. இது கண்டு நாம் நெகிழ்ந்துவிடவும் வேண்டாம். இரண்டு குட்டிகள் புரளும்போது மூன்றாவது வந்து சேர்ந்தால், அது பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருப்பதன் மீதே பாய்கிறது என்றும் அடுத்த ஆண்டு வார்டு குழுவினர் கண்டார்கள். நாய்கள் நீதிக்கதைகளில் நடிப்பவை அல்ல.

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மல்லாத்தலையே தனியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஆட்டத்தின்போது மல்லாந்த நாய் பணிந்ததா? ஆட்டத்தில் நிகழ்ந்த மல்லாத்தல்களில் ஒன்றைக்கூட அவர்களால் பணிவு என்று சொல்ல இயலவில்லை. பிடரியில் விழும் கவ்வலைத் தவிர்க்க மல்லாந்தவை பல. கீழிருந்தபடியே மேலுள்ளதைக் கவ்வ மல்லாந்தவை பல. மற்போர் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதுகு தரையில் பட்டவன் பிடியைத் தொடங்கியிருக்கவும் கூடும்.

*

அப்படியானால் நாய்களிடையே மேல் கீழ் என்பதே இல்லையா? ஆல்ஃபாவைத் தூக்கியெறிந்த கையோடு அதையும் எறிந்துவிடச் சிலர் முனைந்தார்கள். இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷாவும் உடனாய்வாளர்களும் 2009இல் 19 ஆண்நாய்கள் கொண்ட ஒரு கூட்டத்தை ஆராய்ந்து, அங்கே ஒட்டுமொத்த வரிசை எதுவும் இல்லை, இணைக்கு இணை கற்றுக்கொண்ட உறவுகளே உண்டு என்றார்கள். எல்லாமே குடல் நீக்கப்பட்டவை அல்ல, விதைநீக்கம் செய்யப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மறுபுறம், ரோம் நகரின் புறத்தே கட்டற்றுத் திரியும் நாய்க்கூட்டத்தை ஆராய்ந்த சிமோனா கஃபாஸோ குழுவினர் 2010இல் தெளிவான வரிசை ஒன்றைக் கண்டார்கள். மூத்தவை மேலே, இளையவை கீழே.

இந்த முரணை அவிழ்க்கும் நுனி ரோமிலேயே இருக்கிறது. அவர்களுடைய அளவுகோல்களில் வரிசையைச் சிறப்பாகக் காட்டியது மேலுள்ளதன் உறுமல் அல்ல, கீழுள்ளதன் பணிவு. கூட்டம் இடம்பெயரும்போது யாரைப் பின்தொடர்கின்றன என்று அதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ராபெர்டோ பொனான்னி பார்த்தார். மிகுதியாகச் சீறுவதை அல்ல, வாலாட்டி முகம் நக்கி வரவேற்கப்படுவதையே பின்தொடர்ந்தன.

இங்கே மீண்டும் ஷென்கெலை நினைக்கவேண்டும். ஆல்ஃபாவின் தந்தை என்று பழிசுமத்தப்படும் அதே மனிதர், இருபதாண்டுகள் கழித்து 1967இல், பணிவைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். தோற்ற ஓநாய் தன் தொண்டையைக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்கிறது என்ற லோரென்ஸின் புகழ்பெற்ற காட்சியைத் தவறான வாசிப்பு என்று அதில் மறுத்தார். ஓநாயும் நாயும் காட்டும் பணிவுக்கு இரு வடிவங்கள் என்றார். தாழ்ந்து வந்து வாயை நக்குவது ஒன்று. இரை கொண்டுவரும் தாயின் வாயை முட்டி உணவு கேட்ட குட்டிப்பருவத்திலிருந்து வந்தது அது. மல்லாந்து கிடப்பது மற்றொன்று. வயிற்றை நக்கித் தூய்மைசெய்யும் தாயின் முன் கிடந்த நாட்களிலிருந்து வந்தது அது. இரண்டுமே நட்போடு இணைவதற்கான முயற்சிகள். மேலுள்ளது பொறுமையோடு ஏற்றுக்கொள்ளும்போதுதான் அவை முழுமை அடைகின்றன.

நூறாண்டு வரலாற்றில் நான் கண்டெடுத்தது இவ்வளவே. நாய்களிடையே வரிசை உண்டு. அது மேலிருந்து பறிக்கப்படுவதைவிடக் கீழிருந்து கொடுக்கப்படுவது. கொடுக்கும் சைகைகள் குழந்தைப் பருவத்தின் சைகைகள். அவற்றை வலிந்து எடுக்கமுடியாது. கையால் மல்லாத்தப்பட்ட நாய் பணிவதில்லை, பயப்படுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே படமாகத் தெரிவதுதான் விபத்து.

வரிசையைத் தேடியவர்களில் பலர் ஒரு வேலிக்குள் நின்றே தேடினார்கள் என்பதும் தற்செயலல்ல. கோழி முற்றம், பாசெலின் அடைப்பு, பார் ஹார்பரின் எலும்பு. நம் வீடும் ஒரு வேலிதான். அதற்குள் வாழும் நாய்கள் ஒன்றையொன்று தேர்ந்தெடுக்கவில்லை, விலகிப்போகவும் வழியில்லை. தட்டு, கதவு, நம் மடி ஆகியவற்றின் அருகே உரசல் வரும். அவற்றைப் பங்கிட்டு வைப்பது வீட்டாரின் பொறுப்பு. நாய்களின் அரசியலில் பட்டம் சூட்டிக்கொள்வதல்ல.

பிரிஸ்டலுக்கும் சவுத்தாம்டனுக்கும் போய் ஆய்வாளர்களைக் கேட்கத் தேவையில்லாத ஒன்றை அன்று முற்றத்திலேயே நான் பார்த்திருக்கலாம். மல்லாந்து கிடந்த சின்னி போதுமென்று நினைத்த கணத்தில் ஒருமுறை தலையைத் திருப்பும். அத்தனை பெரிய பாண்டி உடனே இறங்கி நின்று, குனிந்து, சின்னியின் மூஞ்சியை நக்கும். சின்னி பாண்டியின் மூஞ்சியை நக்கி நான் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த நாளுக்குப் பிறகு பாண்டி என்னைக் கண்டால் வாலை ஆட்டியது, சொன்னதைச் செய்தது, ஆனால் கைக்கு எட்டாத தொலைவிலேயே படுத்தது. என் கை அதன் கழுத்துப்பக்கம் போகும்போதெல்லாம் உடல் ஒரு கணம் இறுகும். ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில், நான் திண்ணையில் படித்துக்கொண்டிருந்தபோது, அது அருகே வந்து, சற்று யோசித்து, தானாக மல்லாந்து படுத்தது. நான் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. கையை மட்டும் மெதுவாக நீட்டினேன்.